மூளையின் மின்காந்தப் புலமும் பிரக்ஞையும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

வலிப்பு நோய்க்காக என் தங்கையை, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி பரிசோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தபோது அவள் மனமே அங்கே ஓடுவதுபோல் இருந்தது. மூளையின் மின்காந்தப் புலம்தான் பிரக்ஞை, அதாவது நமக்குள்ள தன்னுணர்வு, என்று சொல்லும் ஒரு கோட்பாட்டைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டேன். அது உண்மையென்றால் நம் மனம் மண்டையோட்டுக்கு வெளியிலும் பரவியிருக்கிறதா? எம்.ஆர்.ஐ. கருவியின் பெரிய காந்தத்துக்குள் படுத்தால் அது ஏன் கலைவதில்லை? இதை அறிவியல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ர.

அன்புள்ள ர.,

தங்கை விரைவில் நலம் பெற வேண்டும்.

நீங்கள் பார்த்த திரையிலிருந்தே தொடங்குகிறேன். முடியை வகிடெடுத்து, பசை தடவி, சிறு உலோகக் கிண்ணங்களைத் தலையில் ஒட்டியபின் "கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்பார்கள். உடனே பின்மண்டைப் பகுதியின் கோடுகள் நொடிக்கு 8 முதல் 13 முறை சீராக ஏறி இறங்கத் தொடங்கும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையில் முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929இல் வெளியிட்டது இந்த மின்னலைகளைத்தான். பெருமூளையின் மேலடுக்கான புறணியில் இணையாக நிற்கும் லட்சக்கணக்கான நியூரான்களின், அதாவது நரம்புச் செல்களின், மின்னோட்டங்கள் ஒன்றுகூடி, மண்டையோட்டையும் தோலையும் தாண்டி, சில பத்து மைக்ரோவோல்ட்டுகளாக வெளியே வந்து சேர்கின்றன. ஆகவே நீங்கள் கண்டது அந்த மின்னோட்டங்களைச் சுற்றி எழும் மின்காந்தப் புலத்தின் நிழல். அதை மனம் என்று சொல்லலாமா என்பதே கேள்வி.

சொல்லலாம் என்பவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான்ஜோ மெக்ஃபாடன். நியூசிலாந்தின் சூசன் பாக்கெட்டும் ஏறத்தாழ அதே காலத்தில், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், இதை நெருங்கிய ஒரு கருத்தை முன்வைத்தார். வானில் ஒரு சிவப்புப் பட்டம் ஆடுவதைப் பார்க்கிறோம். நிறத்தையும் வடிவத்தையும் அசைவையும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் கையாள்கின்றன. ஆனால் நாம் காண்பது ஒரே பட்டம். தனித்தனி நியூரான்கள் எங்கே ஒன்றாகின்றன என்ற இந்தப் பழைய புதிருக்கு மெக்ஃபாடன் தரும் விடை, அவை அனைத்தும் சேர்ந்து உண்டாக்கும் புலத்தில் ஒன்றாகின்றன என்பது. அந்தப் புலம் திரும்ப நியூரான்களைத் தூண்டுவதையே நாம் சுயேச்சையான செயல் என்று உணர்வதாகவும் அவர் கருதுகிறார்.

இதன் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. இதன் ஒரு பாதி, அதாவது புலம் நியூரான்களைத் தூண்டும் என்பது, ஆய்வுக்கூடத்தில் நிரூபணமும் ஆகியிருக்கிறது. ரயில் போகும்போது அருகிலுள்ள வீட்டின் ஜன்னல் அதிர்வதைப்போல, புலம் ஒரு பக்கவிளைவு மட்டுமே என்றே நெடுங்காலம் பலரும் நினைத்திருந்தார்கள். 2010இல் ஃப்ரோலிச், மெக்கார்மிக் இருவரும், மூளை தானே உண்டாக்கும் அளவுக்கு மெல்லிய மின்புலத்தை ஃபெரெட் என்னும் விலங்கின் மூளைச் சீவல்களில் செலுத்தி, நியூரான்களின் தாளம் அதற்கேற்ப மாறுவதைக் காட்டினார்கள். மறுஆண்டு கிறிஸ்டோஃப் கோக் இடம்பெற்ற குழு, எலி மூளையின் நியூரான்களில் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மாற்றத்தையே உண்டாக்கும் புலம்கூட, அவை எந்தக் கணத்தில் மின்துடிப்பை எழுப்புகின்றன என்பதைத் திருத்த வல்லது என்று கண்டது. 2019இல் டொமினிக் டுராண்டின் குழு செய்த சோதனையை நான் பலமுறை எண்ணி வியந்திருக்கிறேன். சுண்டெலி மூளையின் ஒரு சீவலை முழுவதுமாக இரண்டாக வெட்டி, வெட்டிய விளிம்புகளை ஒன்றையொன்று தொடுமாறு வைத்தபோது, நரம்பிணைப்பே இல்லாத அந்த வெட்டைத் தாண்டி மெதுவான அலை மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. இடைவெளி அதிகமானபோது நின்றுவிட்டது.

ஆனால் புலம் நியூரானைத் தூண்டுகிறது என்பதிலிருந்து, புலமே பிரக்ஞை என்று கொள்வதற்கு வெகுதூரம் இருக்கிறது. முன்பு ஜெர்மன் உளவியலாளர் வுல்ஃப்காங் கோலரும் புறணியின் மின்புலங்களே நம் காட்சிகளுக்கு அடிப்படை என்றார். அதைச் சோதிக்க 1951இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி குழுவினர் குரங்குகளின் மூளைமேல் மின்சாரத்தைக் கடத்தும் தங்கத் தகடுகளை வைத்தார்கள். பின்னர் ரோஜர் ஸ்பெர்ரி பூனைகளின் புறணியில் மின்சாரத்தைக் கடத்தாத மைக்காத் துண்டுகளைச் செருகிப் பார்த்தார். மின்னோட்டத்தின் பாதை குலைந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றின் வடிவங்களை அடையாளம் காணும் திறன் பெரிதாகக் குலையவில்லை. கோலர் அந்த முடிவை ஏற்கவில்லை. இன்றைய கோட்பாடு கோலருடையதிலிருந்து வேறுபட்டது என்றாலும், அந்தக் குரங்குகளுக்கும் பூனைகளுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு தடை உங்கள் தங்கையின் நோயோடு தொடர்புடையது. உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பின்போது மூளையின் அலைகள் மிகப் பெரிதாகவும் ஒருங்கிணைந்தும் எழுகின்றன, நினைவோ தப்பிவிடுகிறது. ஆழ்ந்த உறக்கத்திலும் அலைகள் பெரியவைதான். ஆக, புலத்தின் வலிமை பிரக்ஞையைத் தருவதில்லை. புலம் ஏந்தியிருக்கும் செய்தியின் நுட்பமான அமைப்பே முக்கியம் என்று மெக்ஃபாடனும் சொல்கிறார். அப்படியானால் அதே அமைப்பு நியூரான்களின் துடிப்புகளிலும் இருக்கிறதே, புலத்தில் இருப்பதை மட்டும் ஏன் பிரக்ஞை என்று அழைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு நிறைவான பதில் இதுவரை கிடைக்கவில்லை. புலத்தின் ஒருமையும் அவ்வளவு எளிதானதல்ல. மின்காந்தப் புலத்துக்கு உங்களுடையது இங்கே முடிகிறது என்ற எல்லைக்கோடு கிடையாது. உங்கள் தலையின் புலமும் அறையிலுள்ள மின்கம்பியின் புலமும் ஒன்றோடொன்று கூடியே இருக்கின்றன.

இனி, மண்டையோட்டுக்கு வெளியே. மூளையின் காந்தப்புலத்தை 1968இல் டேவிட் கோஹன் வெளியிலிருந்தே அளந்தார். அது சுமார் 100 ஃபெம்டோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் இதைவிட ஏறத்தாழ ஐம்பது கோடி மடங்கு பெரியது. காந்தத் தடுப்பு அமைத்த அறையில், மிக நுண்ணிய கருவிகளைக் கொண்டுதான் அதைப் பிடிக்க முடிகிறது. அது இன்னொருவர் மூளையை அசைக்கும் என்பதற்கோ, ஒளிவட்டம் போன்ற நம்பிக்கைகளுக்கோ இதில் இடமில்லை.

எம்.ஆர்.ஐ.யின் பெரிய காந்தம் மாறாத புலம் கொண்டது. நியூரான்களைத் தூண்டுவதோ மின்புலம். காந்தப்புலம் விரைவாக மாறும்போதுதான் மூளைக்குள் தூண்டுமளவு மின்புலம் உண்டாகிறது. 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர், தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து கணநேரக் காந்தத் துடிப்பைச் செலுத்தியபோது கை தானாகவே துடித்தது. ஸ்கேன் எடுக்கும்போதும் மாறும் புலங்கள் உண்டு; அவை நரம்புகளைத் துன்புறுத்தும் அளவுக்குப் போகாமல் வரம்பிட்டு வைத்திருக்கிறார்கள்.

எனவே, இதைச் சோதிக்கத் தகுந்த கருதுகோள் என்று ஏற்கிறேன், நிறுவப்பட்ட உண்மை என்று ஏற்கவில்லை. நியூரான்களின் துடிப்பை அப்படியே விட்டுவிட்டுப் புலத்தை மட்டும் குலைக்க ஒருவர் வழி கண்டு, அப்போது பரிசோதனைக்கு உட்பட்டவர் தன் அனுபவம் மாறியது என்று சொன்னால், என் கருத்தை அன்றே மாற்றிக்கொள்வேன். இன்று நம்மிடமுள்ள எந்தக் கருவியாலும் அந்த இரண்டையும் அப்படிப் பிரிக்க முடியவில்லை.