‘கார்’ கடைசியில் ‘ர்’ உண்டா?

கேள்வி: கால் சென்டர் பயிற்சியில் என் மகளை ‘கார்’ என்பதைக் ‘கா’ என்று சொல்லப் பழக்கினார்கள். இப்போது அமெரிக்க வாடிக்கையாளர்கள் பக்கம் மாற்றிவிட்டதால் ‘ர்’ கட்டாயமாம். எதுதான் அசல் இங்கிலீஷ்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வயதைப் பார்த்தால் ‘ர்’ உள்ளதுதான் மூத்தது. இங்கே கோட்டை கட்ட வந்த கம்பெனிக்காரர்கள் காலத்தில் லண்டனிலும் ‘ர்’ ஒலித்தது. அதை உதிர்த்தது பிற்கால லண்டன். 1791-ல் உச்சரிப்பு அகராதி வெளியிட்ட ஜான் வாக்கர், ‘பார்ட்’ போன்ற சொற்களில் லண்டன்காரர்கள் ‘ர்’-ஐ விழுங்கி ‘ஆ’-வை நீட்டுவதைக் குறித்து வைத்தார். அதற்கு முன்பே அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் ‘ர்’-ஐ உடன் கொண்டுபோய்விட்டார்கள். 1788-க்குப் பிறகு ஆங்கிலேயர் குடியேறிய ஆஸ்திரேலியாவில் இன்றைக்கு அது இல்லை. ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் இன்னும் விடவில்லை.

அமெரிக்காவிலும் பாஸ்டன், நியூயார்க் ஆகிய துறைமுகங்கள் லண்டன் வழியில் ‘ர்’-ஐ விட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே மதிப்பு தலைகீழானது. ‘ர்’ சொல்வதே கௌரவம் என்று ஆகிவிட்டது. 1962-ல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கில் மூன்று தரத்துக் கடைகளுக்குப் போய், நாலாவது மாடியில் இருக்கும் சாமான் எங்கே என்று விற்பனையாளர்களைக் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வரும். அதில் இரண்டு ‘ர்’. காதில் விழாததுபோல் இன்னொரு முறையும் சொல்லவைத்தார். விலை உசத்தியான கடையில் ‘ர்’ அதிகம், மலிவான கடையில் மிகக் குறைவு. நம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரே புடவைக்குக் கடைக்குக் கடை பேச்சு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

உங்கள் மகள் கவனிக்கவேண்டியது: தமிழ் ‘ர்’ சொல்லும்போது நுனிநாக்கு மேலே தட்டும். அமெரிக்க ‘ர்’-க்கு நுனிநாக்கு எங்கும் படக்கூடாது. லேசாகப் பின்வாங்கி அந்தரத்தில் நிற்கவேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஆர்வக்கோளாறில் ‘ஐடியா’வை ‘ஐடியர்’ ஆக்கிவிடுவார்கள். எழுத்தில் ஆர் இருந்தால் மட்டும் சொன்னால் போதும். (‘கர்னல்’ தனி ரகம். எழுத்தில் எல், வாயில் ர்.)

கேள்வி: குண்டூசி என்ற பொருளில் ‘பின்’ கேட்டால், வெள்ளைக்காரர் குப்பைத்தொட்டியா என்கிறார். கோளாறு எங்கே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: காற்றில். தமிழில் இரண்டையும் ‘பின்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலேயர் குண்டூசியைச் சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று ‘புஸ்’ என்று வெளியேறும். அவர் காது அந்தக் காற்றைத்தான் தேடுகிறது. நம் ‘ப’-வில் அது இல்லை. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். குண்டூசிக்குக் காகிதம் ஆடவேண்டும், குப்பைத்தொட்டிக்கு ஆடக்கூடாது. வார்த்தை ஆரம்பத்தில் வரும் ‘ட’, ‘க’-வுக்கும் இதே கதை. ஆனால் ‘ஸ்பின்’ என்னும்போது ஊதாதீர்கள். ‘ஸ்’-க்குப் பின் அவர்களும் ஊதுவதில்லை.

காற்று மட்டுமல்ல, நம் நாக்குப் பழக்கமும் கூடவே வரும். ‘எலி’யைப் பேச்சில் ‘யெலி’ என்கிற அதே நாக்குதான் எம்.சி. ரோட்டை ‘யெம்சி ரோடு’ ஆக்குகிறது. ‘ஒண்ணு’ ‘வொண்ணு’ ஆவதுபோல ‘ஒன்லி’ ‘வொன்லி’ ஆகிறது. ஒரு ஊரே இப்படிப் பேசும்போது அதைப் பிழை என்று ஒதுக்க முடியாது, அது வட்டார வழக்கு. இப்படிப் பேசும் குடும்பத்தில், லண்டனில் பிறந்து வளரும் பிள்ளையோ அப்பா அம்மாவைப் போலப் பேசாது, பள்ளித் தோழர்களைப் போலத்தான் பேசும்.

கேள்வி: ‘கட்டமரான்’ நம்முடைய கட்டுமரம்தானா?
– வாசகர், காசிமேடு

பதில்: சொல் நம்முடையது, படகு வேறு. நாம் மரங்களைச் சேர்த்துக் கட்டியதற்கு வைத்த பெயர், ஆங்கிலத்தில் இரண்டு அடிப்பாகங்களை இணைத்த படகைக் குறிக்கிறது. கட்டுமரத்தில் போனேன் என்று லண்டன்காரரிடம் சொன்னால், இடுப்புவரை நனைந்திருப்பீர்கள் என்று அவருக்குத் தோன்றாது.