லண்டனில் எழுதித் தந்த இருமல் பாணி: அப்பாவுக்குத் தொடரலாமா, மகனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் தந்தையாருக்கு 71 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். பிரஷருக்கு எனலாபிரில் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. நித்திரைக்காக இரவில் குளோனாசெபாம் குளிசை ஒன்றும் போடுவார். அண்மையில் லண்டனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அவருக்கு வறட்டு இருமல் தொடங்கியது. அங்குள்ள வைத்தியர் கோடீன் கலந்த பாணி மருந்தை 5 மி.லீ. வீதம் நாளுக்கு மூன்று தடவை, 5 நாட்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். அக்கா முன்னர் வாங்கி வைத்திருந்த இன்னொரு போத்தலையும் கொண்டு வந்து மூன்று வாரமாகக் குடிக்கிறார். இருமல் அடங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. பகலில் கதிரையிலேயே தூங்கிவிடுகிறார். மலம் இறுகிப் போகிறது. முன்பெல்லாம் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கிய மருந்து, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் அக்கா. என் 8 வயது மகனுக்கும் தடிமனும் இருமலும். அவனுக்குப் பாதி அளவு கொடுக்கலாமா? இருமல் மருந்து குடித்துப் பிள்ளைகள் இறந்த செய்திகளைக் கேட்டபின் மனம் துணியவில்லை.
— வாசகி, தென்மராட்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் காத்திருக்கக்கூடாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாணியை மகனுக்குக் கொடுக்க வேண்டாம். பாதி அளவும் வேண்டாம், கால் அளவும் வேண்டாம். தந்தையாருக்கும் இன்றிரவிலிருந்து அதை நிறுத்தி வைத்து, ஓரிரு நாளுக்குள் அவரைக் கிளினிக் புத்தகத்தோடும் அந்த இரண்டு போத்தல்களோடும் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கோடீன் என்பது அபினிலிருந்து பெறப்படும் மருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது. நாம் விழுங்கும் கோடீனில் ஒரு பகுதியை ஈரலில் உள்ள ஒரு நொதியம் மோர்பினாக மாற்றுகிறது. மருந்தின் வலுவில் பெரும்பங்கு அந்த மோர்பினிலிருந்தே வருகிறது. இந்த நொதியம் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. சிலருடைய உடல் கோடீனை மோர்பினாக மாற்றுவதேயில்லை எனலாம். அவர்களுக்கு மருந்து பலன் தராது. வேறு சிலருடைய உடலோ மிக விரைவாக மாற்றிவிடும். போத்தலில் எழுதியுள்ள சரியான அளவே அவர்களுக்கு மிகையான அளவாகிவிடும். தாம் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது வெளித்தோற்றத்தில் எவருக்கும் தெரியாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் இந்த இயல்பு ஒரே வீட்டுக்குள்கூட ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், பாட்டனாருக்கு ஒத்துக்கொண்டது பேரனுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ண இடமேயில்லை.

மோர்பின் மிகையானால் மூச்சு மெதுவாகும். பிள்ளைகளின் மூச்சுக்குழாய் சிறியது. தடிமனும் தொண்டை வீக்கமும் சேர்ந்தால் அது இன்னும் ஒடுங்கும். அந்த நிலையில் நித்திரையில் மூச்சு தளர்ந்தால் பிள்ளை தானாக விழித்துத் திணறி அழும் என்று நம்ப முடியாது. இதனாலேயே ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2015 இல், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இருமலுக்கும் தடிமனுக்கும் கோடீன் கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்தது. 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களில் முட்டு போன்ற சுவாச வருத்தம் உள்ளோருக்கும் அது உகந்ததல்ல என்றது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 இல் ஒரு படி மேலே சென்று, கோடீன் கலந்த இருமல் மருந்துகளை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என வரையறுத்தது. பால் கொடுக்கும் தாய்மாரும் இதை எடுக்கக்கூடாது. தாயின் உடலில் உருவாகும் மோர்பின் பாலின் வழியே குழந்தையைச் சென்றடையும்.

உங்கள் அக்கா சொல்வதில் பாதி உண்மை. கோடீன் பாணியை இங்கிலாந்தில் மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டு, சீட்டில்லாமல் வாங்கக்கூடிய காலம் இருந்தது. 2024 இல் அந்த வழி மூடப்பட்டு, மருந்துச்சீட்டுக்கு மட்டும் கொடுக்கப்படும் மருந்தாக அது மாற்றப்பட்டது. பழக்கமாகிப் போவதும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதற்குக் காரணம். ஆகவே அக்கா வைத்திருந்த போத்தல் அதற்கு முன் வாங்கியதாக இருக்கலாம். அதில் காலாவதித் திகதியைப் பாருங்கள். திறந்த பின் இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். வெளிநாட்டு மருந்து என்றால் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் நிரந்தர இடம் கொடுத்துவிடும் வழக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

இனித் தந்தையாரைப் பற்றி. லண்டன் வைத்தியர் எழுதிய அளவு தன்னளவில் தவறானதல்ல. அங்கு வழக்கமாகக் கிடைக்கும் பாணியில் 5 மி.லீ. இல் 15 மி.கி. கோடீன் இருக்கும், வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு 15 முதல் 30 மி.கி. வரை, நாளுக்கு மூன்று அல்லது நான்கு தடவை கொடுப்பதுண்டு. அவர் கீழ் அளவையே, அதுவும் ஐந்து நாளுக்கே எழுதியிருக்கிறார். ஆனால் யாழ்ப்பாணத்துக் கிளினிக் புத்தகத்தில் இருக்கும் குளோனாசெபாம் அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் என் ஐயம். தந்தையார் 'பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுக்கிறேன்' என்று மட்டும் சொல்லியிருக்கக்கூடும். நித்திரைக் குளிசையை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுக்காதவர்கள் பலர்.

குளோனாசெபாம், டயசெபாம், அல்பிரசோலம் போன்ற மருந்துகள் கோடீனோடு சேரும்போது இரண்டும் மூளையில் மூச்சை இயக்கும் பகுதியை ஒரே திசையில் அழுத்துகின்றன. தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் சேர்ந்தால் தாங்க முடியாதவையாகலாம். நரம்பு வலிக்கு எழுதப்படும் பிரிகபலின், கபபென்டின் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சீனி வருத்தத்தால் கால் எரிவு உள்ள பலர் அவற்றை எடுப்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். தந்தையார் மாலையில் கள்ளோ சாராயமோ எடுப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுப்பவராயின் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பகலில் கதிரையிலேயே தூங்கிவிடுவதை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிட முடியாது. அவர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கோ கடைக்கோ போய் வருபவரானால் இந்த மயக்கம் தீரும் வரை சாவியை நீங்கள் வைத்திருப்பது நல்லது. இரவில் மலசலகூடத்துக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் இந்த வயதில் இத்தகைய மருந்துகளால் நேர்வதே.

மலச்சிக்கல் கோடீனின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. குடலின் அசைவை அது மந்தமாக்கிவிடுகிறது. மருந்தை நிறுத்திச் சில நாட்களில் பெரும்பாலும் சீராகும். ஆண்களில் முன்னிற்கும் சுரப்பி பெருத்திருந்தால் சிறுநீர் அடைபட்டுப் போவதும் உண்டு. ஆகவே சலம் போவதில் தடங்கல் உள்ளதா என்று நேரடியாகவே கேளுங்கள்; கூச்சத்தால் தாமாகச் சொல்லமாட்டார்கள். நீண்ட காலச் சீனி வருத்தத்தில் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. கோடீனிலிருந்து உருவாகும் மோர்பினின் விளைபொருட்கள் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகின்றன. அது மந்தமானால் அவை உடலில் சேர்ந்துகொண்டே போகும். சிறுநீரகத்தின் வேலையை அறியச் செய்யும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையை அண்மையில் செய்திருந்தால் அந்த அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். சில பாணிகளில் சீனியும் இருக்கும். ஆனால் இப்போதைய கவலைகளில் அது கடைசி.

மூன்று வாரம் குடித்த பின் நிறுத்தும்போது இரண்டு மூன்று நாட்களுக்கு மூக்கொழுகல், வியர்வை, அமைதியின்மை, வயிற்றோட்டம் ஆகியன இலேசாக வரலாம். அவை தொல்லையே தவிர ஆபத்தல்ல. ஆனால் குளோனாசெபாமை இதே போல் நீங்களாகத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். நாட்பட எடுத்தவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம்; அதை வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண் அதிகம் நின்ற இடம் வேறொன்று. நான்கு மாதத்துக்கு முன் எனலாபிரில் தொடங்கியிருக்கிறார்; அதன் பின் சளியில்லாத வறட்டு இருமல் வந்திருக்கிறது; பாணி குடிக்கும்போது அடங்குகிறது, நிற்கவில்லை. எனலாபிரில், கப்டொபிரில், லிசினொபிரில் ஆகிய இனத்து மருந்துகளை எடுப்போரில் 100 இல் சுமார் 10 பேருக்கு இப்படியான இருமல் வருவதுண்டு. இந்த மருந்துகள் தடுக்கும் நொதியமே பிரடிகைனின் என்ற பொருளையும் உடைப்பது. அது உடையாமல் மூச்சுக்குழாயில் தேங்கித் தொண்டையில் ஓயாத கிச்சுகிச்சை உண்டாக்குகிறது. குளிசை தொடங்கிய முதல் வாரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அதனாலேயே யாரும் மருந்தைச் சந்தேகிப்பதில்லை. லண்டன் குளிரையோ ஊர்ப் பனியையோ குறை சொல்லிவிடுகிறோம். காரணம் இதுவாயின், ஒரு குளிசை உண்டாக்கும் இருமலை அடக்க அதைவிட ஆபத்தான இன்னொரு மருந்தைத் தந்தையார் மூன்று வாரமாகக் குடித்திருக்கிறார் என்றாகிறது. லொசாட்டன் போன்ற வேறு இனத்து மருந்துக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் இருமல் ஓய்ந்துவிடும்; சிலருக்கு மூன்று மாதம் வரை இழுபடும். ஆனால் மாற்றும் வேலையைக் கிளினிக் வைத்தியரிடம் விட்டுவிடுங்கள். எனலாபிரிலை நிறுத்திவிட்டு அடுத்த கிளினிக் திகதி வரை பிரஷரை அதன்போக்கில் விடுவது வேறு ஆபத்து. ஒரே ஒரு விலக்கு: உதடோ நாக்கோ முகமோ திடீரென வீங்கினால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அரிதாக நிகழும் அந்த வீக்கம் மூச்சுவழியை அடைத்துவிடக்கூடியது.

காரணம் எனலாபிரில்தான் என்று நான் கடிதத்தை வைத்து முடிவு கட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை. உடல் மெலிவு, மாலைக் காய்ச்சல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நெஞ்சு எக்ஸ்-ரே எடுப்பதும் பொருத்தம். கோடீன் காரணத்தைத் தீர்ப்பதில்லை. மூளையில் இருமலைத் தூண்டும் பகுதியை மந்தப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. சாதாரணத் தடிமன் இருமலில் அது வெறும் இனிப்புப் பாணியைவிட மேலான பலன் தருகிறது என்பதற்கே உறுதியான சான்று இல்லை. சளியோடு வரும் இருமலில் அதைக் கொடுத்தால் வெளியேற வேண்டிய சளி உள்ளேயே தங்கிவிடும்.

மகனுக்கு வருவோம். தடிமனோடு வரும் இருமல் ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உண்மையில் இரண்டு முதல் மூன்று வாரம் வரை நீடிப்பது இயல்பே. படுக்கப் போகுமுன் ஒரு தேக்கரண்டி தேன் இரவு இருமலைக் குறைக்க உதவும். 8 வயதில் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் தேன் கூடாது. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்த தண்ணீரைச் சூடு ஆறிய பதத்தில் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆடாதோடையைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. சளியை இளக்கக் கொடுக்கப்படும் புரோம்ஹெக்சின், அந்த இலையில் உள்ள ஒரு பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்ட மருந்தே. ஆயினும் இலையை அவித்து எத்தனை மி.கி. கொடுக்கிறோம் என்பது தெரியாததால் பிள்ளைக்கு அதைக் கொடுக்கும்படி நான் சொல்வதில்லை. இருமல் இரவிலும் ஓடி விளையாடிய பின்னும் கூடினால் அது முட்டாக இருக்கலாம். அதற்கு வேண்டியது வேறு சிகிச்சை. மூச்சு வேகமாகி விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தால், குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட செய்திகள், 2022 இல் காம்பியாவிலும் 2025 இல் மத்தியப் பிரதேசத்திலும் பல பிள்ளைகள் இறந்த சம்பவங்களாக இருக்கலாம். அங்கு நடந்தது கோடீனால் அல்ல. பாணி தயாரிக்கும்போது டைஎதிலீன் கிளைகோல் என்ற தொழிற்சாலை இரசாயனம் கலந்துபோய்ச் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. இந்த நஞ்சைச் சுவையாலோ நிறத்தாலோ வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. தேசிய ஔடதங்கள் ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதிவு பெற்ற மருந்தை, மருந்தாளர் இருக்கும் பாமசியில், பற்றுச்சீட்டோடு வாங்குவதே நம் கையில் உள்ள பாதுகாப்பு. எந்தப் பாணியையாவது குடித்த பிள்ளைக்கு வாந்தியோடு சலம் குறைந்து போனால் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

தந்தையாரைக் காட்டும் வரை, இன்றும் நாளையும் அவர் தூங்கும்போது கவனித்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டும் தட்டியும் எழும்பாமல் இருப்பது, மூச்சு மிக மெதுவாகவோ விட்டு விட்டோ வருவது, வழமைக்கு மாறான ஆழ்ந்த குறட்டை, உதடு நீலமாவது, கண்மணி ஊசிமுனையளவு சுருங்குவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். அது வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்கவோ, கோப்பி பருக்கவோ வேண்டாம். கோடீனின் வேலையை முறிக்க நலொக்சோன் என்ற ஊசி மருந்து இருக்கிறது. என்ன குடித்தார் என்று தெரிந்தால் அதைத் தாமதமின்றிக் கொடுக்கலாம் என்பதால் போத்தலும் கூடவே போகட்டும். வைத்தியர் பார்த்து முடித்த பின் மிச்சப் பாணியைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், அழிப்பதற்காக ஏதாவது ஒரு பாமசியில் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை மகனின் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.