விண்ட் டன்னலில் பறக்கலாமா? முதலில் உங்கள் தோளைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். தம்பியின் பிறந்தநாளுக்கு வீட்டில் ஆறு பேர் ஐதராபாத் போய் இன்டோர் ஸ்கைடைவிங் செய்வதாக முடிவு. எனக்கு உயரம் என்றால் பயம். ராட்டினத்தில் ஏறினாலே தலை சுற்றும். நான் பறக்கலாமா? பஸ், ரூம், டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் சொல்கிறார். இன்று இரவுக்குள் முழுப் பணமும் கட்ட வேண்டுமாம். இன்னொன்று: காலேஜில் த்ரோபால் ஆடும்போது வலது தோள்பட்டை இரண்டு முறை இறங்கிவிட்டது. புத்தூர் கட்டு போட்டுச் சரியாகிவிட்டது. இப்போது வலி இல்லை. அதை ஃபார்மில் எழுத வேண்டாம், தேவையில்லாமல் நிறுத்திவிடுவார்கள் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயம்தான் உண்மையில் முக்கியமானது. ஆனாலும் நீங்கள் கேட்டது உயரத்தைப் பற்றி. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

இன்டோர் ஸ்கைடைவிங் நடப்பது விண்ட் டன்னல் என்ற காற்றுக் குழாய்க்குள். அதில் யாரும் எங்கிருந்தும் விழுவதில்லை. கண்ணாடிச் சுவர் வைத்த உருளை வடிவ அறை. தரையாக இரும்புக் கம்பி வலை. அதற்கு அடியிலிருந்து காற்று மேல்நோக்கி அடிக்கும். இன்றைய டன்னல்களில் பெரும்பாலும் மின்விசிறிகள் மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். அவை உறிஞ்சும் காற்று பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி, வலைக்கு அடியில் ஒரு குறுகலான வாய்க்குள் நுழைந்து வேகம் பிடிக்கிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சுகிறதல்லவா, அதே கணக்குதான். விமானத்திலிருந்து குதித்தவர் வயிறு கீழே பார்க்க விழும்போது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் நிலைப்படுவார். அந்த வேகத்தில் காற்று கீழிருந்து வந்தால் உடம்பு நின்ற இடத்திலேயே மிதக்கும். உங்கள் எடையையும் உடல்வாகையும் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். அறைக்கு மேலே குழாய் அகலமாகிக்கொண்டே போகும். அங்கே காற்றின் வேகம் தானாகவே குறைந்துவிடும் என்பதால், கூரை வரை தூக்கி எறிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

ராட்டினத்தில் வயிறு கலங்குவது வேகம் திடீர் திடீரென்று மாறுவதால். டன்னலில் அந்த உலுக்கல் கிடையாது. காற்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வாசலில் நின்று, தண்ணீரில் சாய்வது போல அதன் மேல் சாய்வீர்கள். முதல் முறை பறப்பவர் வலைக்கு மேல் இடுப்பு, நெஞ்சு உயரத்தில்தான் இருப்பார். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று உடையைப் பிடித்திருப்பார். சாப்பாட்டு மேசை மேல் ஏறி நிற்க முடிகிறவருக்கு இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. கூடுதல் காசுக்கு ‘ஹை ஃப்ளைட்’ என்று ஒன்று விற்பார்கள். பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டு சுழன்றபடி மேலே போய் இறங்குவார். தலை சுற்றும் வழக்கம் உள்ளவர்கள் அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மூச்சு முட்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். முகத்தில் காற்று அடித்ததும் பயந்து மூச்சைப் பிடித்துக்கொள்வதால்தான் முட்டுகிறது. தாடையை உயர்த்தி மூக்கு வழியாக விட்டால் சாதாரணமாக வரும்.

ஆக, உயரத்துக்காக நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. சரி, இப்போது ஏஜென்ட்.

நான் வளைகுடாவில் ஒரு டன்னலில் பயிற்சியாளராக வேலை பார்த்துவிட்டு பெங்களூரு திரும்பியவன். இங்கே வந்ததிலிருந்து கேட்கிற கதைகளில் முக்கால்வாசி காற்றைப் பற்றியவை இல்லை, ஏஜென்டுகளைப் பற்றியவை. ஒருமுறை நண்பர் ஒருவரைப் பார்க்க ஒரு டன்னலுக்குப் போயிருந்தேன். மாலை நான்கு மணி இருக்கும். நம் ஊர்க் குடும்பம் ஒன்று, எட்டுப் பேர், ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள், கவுன்டரில் நின்றிருந்தார்கள். பாட்டியின் கையில் நான்காக மடித்த ஒரு பிரிண்ட் அவுட். அதில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, ‘கன்ஃபார்ம்டு’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கவுன்டர் பெண் கம்ப்யூட்டரில் மூன்று முறை தேடிப் பார்த்தார். அப்படி ஒரு புக்கிங்கே இல்லை. ஏஜென்டின் போன் சுவிட்ச் ஆஃப். இரண்டு சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பறப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரிண்ட் அவுட்டை பாட்டி கிழிக்காமல் மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்ததை என்னால் மறக்க முடியவில்லை.

‘ஃப்ளைட்’ என்ற சொல்லை வைத்துத்தான் பாதி ஏமாற்று நடக்கிறது. டன்னலில் ஒரு ஃப்ளைட் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். புதியவர்களுக்கு வழக்கமாக இரண்டு தருவார்கள். அது குறைச்சல் இல்லை. பத்தாயிரம் அடியில் விமானத்திலிருந்து குதித்தால், பாராசூட் திறப்பதற்கு முன் கிடைப்பதே அரை நிமிடம்தான். ஆனால் ‘ஒரு மணி நேர ஸ்கைடைவிங்’ என்று விற்கிறார்களே, அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பு, உடை மாற்றுவது, உட்கார்ந்து காத்திருப்பது எல்லாம் அடக்கம். ஒருவருக்கு எத்தனை ஃப்ளைட், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி, ஸ்லாட் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். வீடியோவும் பேக்கேஜில் சேர்த்தி என்பார். அங்கே போனால் கவுன்டரில் தனியாகக் காசு கேட்பார்கள்.

பெங்களூருக்குள்ளேயே ‘ஸ்கைடைவிங்’ என்று மாலில் கண்ணில் ஹெட்செட்டை மாட்டி, உடம்பைப் பெல்ட்டில் தொங்கவிட்டு, எதிரே விசிறி வைத்து ஓட்டுவது ஒன்று. அது வீடியோ கேம். ஆபத்தில்லை, காசுதான் தண்டம். திறந்த மைதானத்தில் ஒரு பெரிய விசிறி வைத்து, சுவரே இல்லாமல் சுற்றிலும் காற்று மெத்தை போட்டுத் தூக்கிவிடுவது இன்னொன்று. அதில் காற்றுத் தூணை விட்டு ஓர் அடி விலகினால் கீழேதான் விழ வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்று இரவுக்குள் முழுப் பணம் என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள். டிக்கெட்டை டன்னலின் சொந்தத் தளத்தில் நேரடியாக உங்கள் பெயரில் எடுங்கள். பஸ்ஸும் ரூமும் வேண்டுமானால் தனியாக யாரிடமும் எடுத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது பெங்களூரிலேயே, மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஏஜென்டின் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி.

இப்போது தோள்.

தோள் மூட்டு என்பது சின்ன அகல் விளக்கில் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தது போன்றது. கிண்ணம் ஆழமில்லை. அதன் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் போல ஒரு வளையம் இருக்கிறது. அதுதான் பந்து வெளியே உருண்டுவிடாமல் அணை கட்டி நிற்கிறது. தோள் இறங்கியது என்றால் பெரும்பாலும் பந்து முன்பக்கமாக நழுவி, போகும்போது அந்த வளையத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். புத்தூர் கட்டோ ஆஸ்பத்திரியோ, பந்தைத் திரும்ப இடத்தில் உட்கார வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டுப் போட்டதால் கிழிந்த வளையம் பழையபடி ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. வலி போவதும் மூட்டு உறுதியாவதும் ஒன்றல்ல. அதிலும் இள வயதில் முதல் முறை இறங்கிய தோள், திரும்ப இறங்கும் வாய்ப்பு மிக அதிகம். உங்களுக்கு இரண்டாவது முறையும் இறங்கியிருக்கிறது.

டன்னலில் பறக்கும் நிலை எப்படி என்று பாருங்கள். போலீஸ்காரர் ‘கையைத் தூக்கு’ என்றால் நிற்பீர்களே, அதேதான்: மேற்கை தோள் மட்டத்தில், முழங்கை மடங்கி, உள்ளங்கை முன்னால். அப்படியே குப்புறப் படுத்து மிதக்க வேண்டும். எலும்பு டாக்டர் தோள் நிலையாக இருக்கிறதா என்று சோதிக்கும்போது கையை வைப்பதும் இதே நிலையில்தான். வைத்துவிட்டு மெதுவாகப் பின்னால் தள்ளுவார். ‘ஐயோ, நழுவப்போகிறது’ என்று நோயாளி பதறினால் மூட்டு உறுதியாக இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். டாக்டர் விரல் நுனியால் மெதுவாகச் செய்வதை டன்னலில் காற்று செய்கிறது, மெதுவாக அல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். போதாததற்கு, புதியவர் தடுமாறும்போது அனிச்சையாக ஒரு கையை நீட்டிச் சுவரையோ வலையையோ பிடிக்கப் பார்ப்பார்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இருபத்தெட்டு வயதுப் பையன், நல்ல உடற்கட்டு. ஃபார்மில் தோள் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்திருந்தான். இரண்டாவது ஃப்ளைட்டில் இருபது விநாடி கூட ஆகவில்லை; இடது கை சட்டென்று பின்னால் போனது, திரும்பி வரவில்லை. காற்றின் இரைச்சலில் அவன் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. காற்றைக் குறைக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, அவன் இடுப்பைப் பிடித்து வலையில் இறக்கினேன். வெளியே கொண்டுவந்த பிறகுதான் சொன்னான், அது மூன்றாவது முறை என்று. ‘எழுதினால் விடமாட்டீர்கள் என்று சொன்னார்கள்’ என்றான். விட்டிருக்க மாட்டேன்தான்.

நீங்களாக வீட்டில் கையை முறுக்கிச் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் மேல்கம்பியை வலது கையால் பிடித்து நிற்கும்போது டிரைவர் பிரேக் அடித்தால் தோளுக்குள் ஒரு பயம் வருகிறதா? காரில் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுப் பையை எடுக்க இடது கையைத்தான் நீட்டுகிறீர்களா? அப்படியென்றால் உங்கள் தோள் இத்தனை வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. இந்த முறை நீங்கள் பறக்க வேண்டாம். தோள் சிகிச்சையில் அனுபவமுள்ள எலும்பு மருத்துவரைப் பார்த்து, விண்ட் டன்னல் என்று சொல்லி, அந்தக் கை நிலையைச் செய்து காட்டிக் கேளுங்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். பறக்கலாம் என்று அவர் எழுத்தில் கொடுத்தால், அதை முன்கூட்டியே டன்னலுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு அடுத்த முறை போங்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இதேதான்: செய்த டாக்டரே எழுதித் தர வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தோள் இறுகிப்போய்க் கை தூக்க முடியாமல் வருமே, அது வேறு வியாதி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளும், இதயம், கழுத்து, முதுகில் பிரச்சினை உள்ளவர்களும் பறக்கக் கூடாது என்பது எல்லா ஃபார்மிலும் இருக்கும்.

எழுத வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னாரே, அதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஃபார்மில் கையெழுத்துப் போடுவது அவரல்ல, நீங்கள். பொய் எழுதி அடிபட்டால், பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்டாலும் முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கான பொதுவான விலக்கு, அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான். உங்கள் பாலிசியில் ‘எக்ஸ்க்ளூஷன் 09’ என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். நியாயமாகக் கிடைக்க வேண்டிய அந்தப் பாதுகாப்பை, ஒரு டிக்கெட் கமிஷனுக்காகச் சிக்கலாக்கிக்கொள்ளச் சொல்கிறார் அவர்.

இதையெல்லாம் ஒரு தனி ஆள் எழுதித்தான் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? விமானத்திலிருந்து குதிப்பதென்றால் விமானப் போக்குவரத்துத் துறை கேள்வி கேட்கும். டன்னலில் விமானமே இல்லை. அப்படியானால் அறையையும் வலையையும் யார் பார்ப்பது, பயிற்சியாளரின் தகுதியை யார் கேட்பது என்று இங்கே இரண்டு அலுவலகங்களில் போய்க் கேட்டேன். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கை காட்டினார்கள். மூன்றாவது மேசையில் மனு கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கொடுத்தேன். நம் ராணுவம் இமாச்சலப் பிரதேசத்தின் பக்லோவில் சிறப்புப் படையினருக்கென்று விண்ட் டன்னல் கட்டி 2024இல் திறந்துவிட்டது. பொதுமக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் இடத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை நீங்களே கேளுங்கள்: பயிற்சியாளரிடம் சர்வதேச பாடிஃப்ளைட் சங்கம் போன்ற அமைப்பின் சான்று இருக்கிறதா என்று. கேட்டால் நல்ல இடத்தில் கோபப்பட மாட்டார்கள்.

வீட்டில் மற்ற ஐந்து பேர் தாராளமாகப் பறக்கட்டும். லேஸ் கட்டும் ஷூ போட்டுப் போகச் சொல்லுங்கள். சட்டைக் காலர் வேண்டாம். காற்றில் கழுத்தை அடிக்கும். மோதிரம், கம்மல், சங்கிலியை ரூமிலேயே கழற்றி வைத்துவிடலாம். உள்ளே இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாம் கைச் சைகைதான். பயிற்சியாளர் இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்ட வேண்டும், மடக்கினால் காலை மடக்க வேண்டும். கட்டைவிரலையும் சுண்டு விரலையும் நீட்டி ஆட்டினால் உடம்பைத் தளர்த்தச் சொல்கிறார் என்று பொருள். இந்த மூன்றாவது சைகையைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். விறைத்த உடம்பு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். முந்தின நாள் கட்டிலில் குப்புறப் படுத்து, இடுப்பை அழுத்தி, தாடையையும் முழங்காலையும் உயர்த்தி அரை நிமிடம் இருந்து பழகினால் பாதி வேலை முடிந்தது.

டிக்கெட் எதுவும் எடுக்க வேண்டாம் என்று ஏஜென்டிடம் இன்றே சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், காரணத்தோடு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். தோளைப் பற்றி ஃபார்மில் எழுத வேண்டாம் என்று அவர் அனுப்பிய மெசேஜ் இருந்தால், அதை அழிக்காமல் வைத்திருங்கள்.