பிபி மாத்திரை டோஸ் ஏத்தினதும் கால் வீங்குது, கிட்னி போயிடுச்சா?

தாராவியில இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 61 வயசு, 90 ஃபீட் ரோடு பக்கம் இட்லி கடை. ரொம்ப நாளா அம்லோடிபின் 5 சாப்பிட்டுட்டு இருந்தவருக்கு பிபி 160க்கு கீழ இறங்கவே இல்லன்னு டாக்டர் அதை 10 ஆக்கினாராம். ஒரு மாசத்துக்குள்ள ரெண்டு கணுக்காலும் வீங்கி, சாயந்தரம் ஆனா செருப்பு வார் மாட்ட முடியல. பக்கத்து வீட்டுல கிட்னி போச்சுன்னு சொல்லிட்டாங்க, மெடிக்கல்ல கேட்டா நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க, அதுக்கும் கேக்கல. இப்ப அப்பா எல்லாத்தையும் நிறுத்திட்டு, கால் வடிஞ்சிடுச்சு பாருன்னு சந்தோஷமா இருக்கார். அடுத்து என்ன பண்றதுன்னு கேக்குறாங்க.

நீங்க சொல்றத வச்சு பாத்தா முதல் சந்தேகம் அந்த 10 மேலதாம்மா. ரெண்டு கால்லயும் சமமா வீக்கம், வலி கிடையாது, டோஸ் ஏத்தின பிறகுதான் வந்துச்சு, நிறுத்தினா வடியுது, இது அம்லோடிபின் பண்ற வேலைதான். 10 மில்லிகிராம் எடுக்குறவங்கள்ல 100க்கு 10 பேருக்கு இது வரும், 5ல 100க்கு 3 பேருக்குத்தான், பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட ரெண்டு மடங்குக்கு மேல. அதுக்காக கிட்னி நல்லா இருக்குன்னு நான் இங்க உக்காந்துட்டு சர்டிபிகேட் குடுக்க முடியாது, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட், யூரின்ல புரோட்டீன் ரெண்டும் ஒரு தடவை பாத்துடுங்க, பிபி இருக்குறவருக்கு எப்படியும் பாக்க வேண்டிய டெஸ்ட்தான் அது.

வீக்கம் ஏன் வருதுன்னா, இந்த மாத்திரை ரத்தத்தை கொண்டு வர்ற சின்ன சின்ன தமனிகளை நல்லா தளர்த்தி விடும், ஆனா ரத்தத்தை திருப்பி கொண்டு போற சிரைகளை அந்த அளவுக்கு தளர்த்தாது. நம்ம சால் வீட்டுல குழாயை முழுசா திறந்துவிட்டு, தண்ணி வெளிய போற மோரி ஓட்டை மட்டும் அதே சின்ன ஓட்டையா இருந்தா தண்ணி தேங்குதுல்ல, அப்படித்தான். நடுவுல இருக்குற நுண்குழாய்ல அழுத்தம் ஏறி, நீர் வெளிய தோலுக்கு அடியில கசியுது. நின்னுட்டே இருந்தா புவியீர்ப்பு எல்லாத்தையும் கணுக்காலுக்கு இழுக்கும், உங்க அப்பா விடிகாலையில இருந்து இட்லி அடுப்பு சூட்டுல நிக்கிறவரு, சூடு பட்டா ரத்தக்குழாய் இன்னும் விரியும், அப்புறம் கால் வீங்காம என்ன பண்ணும்?

அதனாலதான் மெடிக்கல்ல குடுத்த நீர் மாத்திரை கேக்கல. உடம்புல தண்ணி கூடிப்போய் வந்த வீக்கம் இல்ல இது, இடம் மாறி நிக்கிற தண்ணி. நீர் மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு போவார், சோடியம் பொட்டாசியம் குறையும், அசதி தலைசுத்தல் வரும், அதுக்கு இன்னொரு மாத்திரை வாங்குவீங்க. ஒரு மாத்திரையோட பக்க விளைவை புது வியாதின்னு நினைச்சு அடுத்த மாத்திரை, அதுக்கும் மேல ஒண்ணுன்னு பை நிறைய ஸ்ட்ரிப்போட வர்ற பெரியவங்கள நான் நிறைய பாக்குறேன், இதுல எனக்கு ரொம்ப கோவம் வரும்.

டாக்டர் வழக்கமா என்ன செய்வார்னா அம்லோடிபினை திரும்ப 5க்கு இறக்கிட்டு கூட டெல்மிசார்டன் மாதிரி வேற வகை பிபி மாத்திரை ஒண்ணு சேப்பார். இது சிரை பக்கத்தையும் தளர்த்துறதால வீக்கமும் குறையும், பிபியும் ஒத்தை மாத்திரை 10ஐ விட நல்லா இறங்கும். இல்லன்னா அம்லோடிபின் வகையிலேயே சில்னிடிபின்னு ஒண்ணுக்கு மாத்துவாங்க, அதுல வீக்கம் கம்மி. ராமிப்ரில்னு இன்னொரு பிபி மாத்திரை குடுத்தா ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, சிலருக்கு சளியே இல்லாத வறட்டு இருமல் வரும், இருமல் சிரப் எத்தனை பாட்டில் குடிச்சாலும் நிக்காது, மாத்திரையை மாத்தினாத்தான் நிக்கும். டெல்மிசார்டனோ ராமிப்ரிலோ ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல பொட்டாசியம், கிரியேட்டினின் பாக்கணும், உப்பை குறைக்கிறோம்னு கடையில விக்கிற லோ சோடியம் உப்பை டாக்டரை கேக்காம வாங்காதீங்க, அதுல சோடியத்துல ஒரு பங்குக்கு பதிலா பொட்டாசியம்தான் இருக்கும்.

இப்ப நிறுத்தினதுக்கு வருவோம். அம்லோடிபின் உடம்புல மெதுவாத்தான் கழியும், முழுசா போக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால நிறுத்தின மறுநாள் ஒண்ணும் தெரியாது. கால் வடியும், மனுஷன் சுகமா இருப்பார், பிபி பாட்டுக்கு சத்தமில்லாம 170, 180ன்னு ஏறிட்டு இருக்கும். ஏறினா தலைவலி வரும், அப்ப தெரியும்னு நம்பாதீங்க, முக்கால்வாசி பேருக்கு எதுவுமே தெரியாது. இன்னிக்கே ஒரு ரீடிங் எடுங்க, டீ பீடி எதுவும் இல்லாம அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, கால் தரையில, கை நெஞ்சு மட்டத்துல வச்சு எடுக்கணும். எடுத்துட்டு இந்த வாரமே டாக்டர்கிட்ட போங்க. மெட்டோப்ரோலால், குளோனிடின்னு வேற பிபி மாத்திரை சாப்பிடுறவங்க இதை படிச்சா அவங்களுக்கும் சேத்து சொல்றேன், அதை திடீர்னு நிறுத்தினா பிபியும் துடிப்பும் எகிறி ஆபத்தாயிடும், படிப்படியாத்தான் குறைக்கணும்.

காத்திருக்கக் கூடாத கேஸும் இருக்கு. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம். படுத்தா மூச்சு முட்டுதுன்னா இதயத்தை பாக்கணும், காலையில முகம் வீங்கி யூரின் நுரையா போனா கிட்னியை. ராமிப்ரில் வகை சாப்பிடுறப்ப உதடு நாக்கு வீங்கினா நேரா கேஷுவால்ட்டி.

அப்பா முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் ஏதாவது போடுறாரான்னும் கேளுங்க. நின்னு வேலை பாக்குறவங்க பாதிப்பேர் சொல்லாம போடுவாங்க, அது பிபியையும் ஏத்தும், கால்லயும் நீர் தேக்கும், கிட்னிக்கும் நல்லதில்ல, டோஸ் ஏத்த வேண்டி வந்ததே அதனாலயா இருக்கலாம். ஸ்ட்ரிப் எல்லாத்தையும் திருப்பி சின்ன எழுத்தை படிங்க, பேருக்கு பின்னால ஏஎம் (AM)னு இருந்தா பெரும்பாலும் உள்ள அம்லோடிபினும் சேந்திருக்குன்னு அர்த்தம், தனியா ஒண்ணு, சேத்து ஒண்ணுன்னு டபுளா முழுங்குறவங்க உண்டு.

சயான் ஆஸ்பத்திரி ஓபிடிக்கு போறதா இருந்தா பழைய கேஸ் பேப்பர், எல்லா ஸ்ட்ரிப்பும் எடுத்துக்கோங்க. காலையில இந்த வீக்கம் பாதி வடிஞ்சிருக்கும், டாக்டர் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, அதனால வீக்கம் மறுபடி வந்தா சாயந்தரம் கடையை மூடினதும் முழங்காலுக்கு கீழ எலும்பு மேல கட்டைவிரலால அஞ்சாறு செகண்ட் அமுக்கி எடுத்து, அந்த குழி தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க.