இயேசுவின் சீடராக எல்லாவற்றையும் விற்றுவிடத்தான் வேண்டுமா?

செல்வனான ஒருவனிடம், உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றும்படி இயேசு சொன்னது (மாற்கு 10:21) எல்லாருக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டளையை அவர் எல்லாருக்கும் இடவில்லை. வரிவசூல் தலைவனான சகேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னபோது, அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றாரே தவிர, மீதிப் பாதியைக் கேட்கவில்லை (லூக்கா 19:8-9). ஆனால் இதைச் சாக்காக வைத்து நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. முதலாமவனுக்குச் சொல்லும் முன் இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவனைக் கட்டிவைத்திருந்த கயிறு எதுவென்று அந்த அன்பே கண்டுகொண்டது என நான் நம்புகிறேன்.

3ஆம் நூற்றாண்டில், பின்னாளில் துறவியாகப் புகழ்பெற்ற எகிப்து நாட்டு அந்தோனியார், ஆலயத்தில் இந்த வார்த்தை வாசிக்கப்பட்டதைக் கேட்டதும், பெற்றோர் விட்டுச்சென்ற நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்றப் பொருள்களை விற்றுக் கிடைத்ததை, தங்கைக்கெனக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, ஏழைகளுக்குப் பகிர்ந்தார். பிறகொரு நாள், நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம் என்ற வசனத்தைக் கேட்டபோது, தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டு, எடுத்து வைத்திருந்த அந்தக் கொஞ்சத்தையும் கொடுத்துவிட்டார்.