சாட்டிலைட் இன்டர்நெட்டை வீட்டு லினக்ஸ் சர்வரோடு இணைத்தால் ஒத்துவருமா?

தாராளமாக ஒத்துவரும். நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத்தில் வீடு, ஃபைபர் வரவில்லை, மொபைல் சிக்னல் ஒரு கோடு. விசாட் (வீட்டு டிஷ் வழியாக வரும் சாட்டிலைட் இன்டர்நெட்) இணைப்பு எடுத்து, பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு வீடு முழுக்கப் பகிர முடியுமா? களக்காட்டில் அண்ணனின் வாழைத்தோட்ட வீட்டில் இதே ஏற்பாடுதான் ஓடுகிறது, பராமரிப்பு என் தலையில். அதை வைத்துச் சொல்கிறேன்.

மோடம் லினக்ஸில் ஓடுமா என்ற பயம் இனி வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன்னால் சில சாட்டிலைட் மோடங்கள் யுஎஸ்பி வழியாக விண்டோஸ் கணினியோடு மட்டும்தான் பேசும். இப்போது மோடத்தின் பின்னால் சாதாரண ஈதர்நெட் போர்ட் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிள் சர்வருக்கு, சர்வரின் இன்னொரு நெட்வொர்க் கார்டிலிருந்து சுவிட்சுக்கு. ஒரு கார்டில் வருவதை இன்னொன்றுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே முகவரியில் வெளியே போக மாஸ்கரேட் விதி ஒன்று எழுதினால் பகிர்வு தயார்.

கஷ்டம் தூரத்தில் இருக்கிறது. விசாட் நம்பியிருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. நீங்கள் கேட்டது மேலே ஏறிக் கீழே இறங்க வேண்டும், பதிலும் அதே போல ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலே கிட்டத்தட்ட அரை வினாடி ஆகும். மற்றத் தாமதங்களும் சேர்ந்து அண்ணன் வீட்டில் பிங் (போய்வரும் நேரம்) 600 மில்லி வினாடிக்குக் கீழே வந்து நான் பார்த்ததில்லை. 10 எம்பிபிஎஸ் எடுத்தாலும் 50 எடுத்தாலும் இது மாறாது.

ஒரு புதுத் தளத்தைத் திறக்கும்போது என்ன நடக்கிறது? தளத்தின் பெயருக்கு முகவரி கேட்க வானத்துக்குப் போய்வர ஒரு நடை, இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்க ஒரு நடை, பாதுகாப்புப் பூட்டுப் போடும் டிஎல்எஸ் 1.2 என்றால் இரண்டு நடை, பக்கத்தைக் கேட்க ஒன்று. ஐந்து நடைக்கு மூன்று வினாடி வெள்ளைத் திரை. ஆகவே வீட்டு சர்வருக்கு நான் வைத்திருக்கும் வேலை ஒன்றே: வீட்டிலேயே பதில் சொல்லக்கூடிய எதையும் மேலே அனுப்பாதே.

முதலில் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வேலை. விளம்பரத்தை மறிக்கும் பை-ஹோலோடு, பெயர் தேடும் அன்பவுண்டைப் போட்டு, வெளி டிஎன்எஸ் எதையும் நம்பாமல், பெயர் வரிசையின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிலிருந்து நீங்களே தேடுங்கள் என்று எல்லாப் பாடங்களிலும் எழுதியிருப்பார்கள். ஃபைபருக்கு அது நல்ல யோசனை, இங்கே விஷம். ரூட், டாட் காம், அப்புறம் அந்தத் தளத்தின் சர்வர் என்று ஒரே பெயருக்கு இரண்டு மூன்று நடை வானத்துக்குப் போய்வரும். அன்பவுண்டை ஃபார்வர்ட் முறையில் வைத்து, அந்த அலைச்சலைத் தரையில் இருக்கும் வேறொரு சர்வர் படட்டும் என்று விட்டுவிடுங்கள். ப்ரீஃபெட்ச், சர்வ்-எக்ஸ்பயர்ட் இரண்டையும் இயக்கினால் அடிக்கடி போகும் தளங்களின் பெயர் வீட்டிலேயே தயாராக இருக்கும். பை-ஹோல் விளம்பரத் தளங்களை மறிப்பதில் டேட்டாவும் மிச்சம்.

ஸ்க்விட் என்ற மென்பொருளைப் போட்டு எல்லாப் பக்கங்களையும் கேஷ் செய்யலாமே, வீட்டிலேயே சேமித்து வைக்கலாமே என்று தோன்றும். இப்போது எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆகி, பக்கங்கள் பூட்டியே வருவதால் அதில் பெரிய பலன் இல்லை. வீட்டில் நாலைந்து டெபியன், உபுண்டு கணினிகள் இருந்தால் ஒன்றுக்கு இறக்கிய அப்டேட்டை மற்றவற்றுக்கும் வீட்டிலிருந்தே கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி மட்டும் போடுங்கள். போன்களின் ஆப் அப்டேட்டுகளைத் தானாக இறங்க விடாதீர்கள், டேட்டா வரம்பை மாதப் பாதியிலேயே தின்றுவிடும். பெரிய டவுன்லோடுகள் ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி).

அடுத்து வரிசைப் பிரச்சினை. அண்ணன் மகன் ஒரு வீடியோவை அப்லோடு செய்ய ஆரம்பித்தால் 600 ஆக இருக்கும் பிங் இரண்டாயிரத்தைத் தாண்டும். உடனே மைனி அடுப்படியிலிருந்து, "தம்பி, நெட்டு போயிட்டு பாரு" என்பார். நெட் எங்கும் போகவில்லை, மோடத்துக்குள் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கின்றன. இதற்கு மருந்து லினக்ஸிலேயே இருக்கிறது. கர்னல் 4.19 முதல் வரும் கேக் என்ற க்யூ (வரிசை) முறை. வரிசைகளை அமைக்கும் டிசி கட்டளையில் உங்கள் உண்மையான அப்லோடு வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் சர்வரில் சேரும், அதைக் கேக் நியாயமாகப் பங்கிடும். ஒன்றை மறக்கக்கூடாது. கேக் சாதாரணமாக 100 மில்லி வினாடி பயணத்தை எதிர்பார்க்கும். அதற்கு 'சாட்டிலைட்' என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், போட்டால் கணக்கு 1000 மில்லி வினாடிக்கு மாறும். (இன்டர்பிளானட்டரி என்றும் ஒன்று உண்டு. வியாழன் கிரகத்துக்கு லைன் இழுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.)

விபிஎன் (இரண்டு இடங்களை இணைக்கும் பூட்டிய சுரங்கம்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். விசாட் மோடங்கள் பெரும்பாலும் உள்ளுக்குள் ஒரு தந்திரம் செய்யும்: மறுமுனையின் ஒப்புதல் வருவதற்கு முன்பே, "வந்து சேர்ந்தது" என்று கணினிக்குத் தானே பதில் கொடுத்து அடுத்த பாக்கெட்டுகளை வாங்கிக்கொள்ளும். டிசிபி வேகமாக ஓடுவது அதனால்தான். வயர்கார்டு என்ற விபிஎன் போட்டீர்கள் என்றால் உள்ளே என்ன போகிறது என்று மோடத்துக்குத் தெரியாது, தந்திரம் பலிக்காது. அப்போது டிசிபி விண்டோ, அதாவது ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அனுப்பக்கூடிய அளவுதான் கைகொடுக்க வேண்டும். 10 எம்பிபிஎஸ், 0.6 வினாடி என்றால் சுமார் 750 கேபி எந்நேரமும் வழியில் இருக்க வேண்டும். பழங்கால 64 கேபி விண்டோவில் ஒரு எம்பிபிஎஸ்கூடக் கிடைக்காது. இன்றைய லினக்ஸ் இதைத் தானாகவே பெரிதாக்கிக்கொள்ளும், யாரோ எழுதிய பழைய சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்பு) வரிகளை அப்படியே ஒட்டி அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். கோப்பு அனுப்பும் முனையில் பிபிஆர் என்ற டிசிபி வேகக் கட்டுப்பாட்டு முறையை வைத்தால் மழையில் சில பாக்கெட்டுகள் தொலைந்தாலும் வேகம் படுத்துவிடாது.

வெளியிலிருந்து உங்கள் சர்வருக்குள் வர வேண்டுமா? அதற்கு வேண்டிய, வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய பொது ஐபி பெரும்பாலும் கிடைக்காது. சென்னையிலோ மும்பையிலோ சின்ன விபிஎஸ் (டேட்டா சென்டரில் ஓடும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு சுரங்கம் போட்டு, சுரங்கம் மூடிவிடாமல் அவ்வப்போது தட்டும் கீப்அலைவை 25 வினாடியில் வையுங்கள். தூரத்திலிருந்து சர்வரில் கட்டளை தட்ட எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ். தட்டிய எழுத்து அரை வினாடி கழித்துத் திரையில் வரும் எரிச்சல் அதில் இல்லை.

டிஷ் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு யோகம் உண்டு. திருநெல்வேலி 9 டிகிரி அட்சரேகைக்கும் கீழே இருப்பதால், 74, 83 டிகிரி கிழக்கில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 80 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கின்றன. பொதிகை மலை மறைக்குமோ என்று கவலைப்பட வேண்டாம், தலைக்கு மேலே நீளும் தென்னை மட்டையைப் பாருங்கள். ஆனி ஆடி மேகாத்தில் (மேற்கேயிருந்து அடிக்கும் காற்றில்) ஸ்டாண்டு லேசாக அசைந்தாலே சிக்னல் சரியும், அடிப்போல்ட்டை இறுக்கி வையுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கேயு பேண்ட் (இந்த டிஷ் பிடிக்கும் அலைவரிசை) கொஞ்ச நேரம் செத்துப்போகும், அதற்கு மருந்து கிடையாது. மொபைல் டாங்கிளை இரண்டாவது வழியாக வைத்து, பிங் நின்றால் ரூட்டை மாற்றும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நாள்களில் நண்பகலையொட்டிச் சில நிமிஷம் இணைப்பு நிற்கும். அன்றைக்கு மோடத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது நம் பகுதியில் போனும் நெட்டும் நின்றது நினைவிருக்கும். ஃபைபர் வந்த பிறகும் இதைக் கழற்ற வேண்டாம் என்று அண்ணன் சொல்வது அதனால்தான். மோடத்தையும் சர்வரையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

550 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களால் இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. அந்த வகையில் பிங் பல இடங்களில் 25 முதல் 60 மில்லி வினாடிதான், மேலே சொன்ன வித்தைகளில் பாதி தேவைப்படாது. ஆனால் அதற்கு அகலமான வானம் வேண்டும், தென்னந்தோப்பு நடுவில் சிரமம். யாராவது வெளிநாட்டிலிருந்து டிஷ் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாத சாட்டிலைட் கருவி வைத்திருப்பது இங்கே சட்டப்படி குற்றம்.