அணுவைப் பிளந்தாலும் ஆற்றல், சேர்த்தாலும் ஆற்றல்: இது எப்படி?

கேள்வி இதுதான்: கனமான அணுக்கருவைப் பிளந்தால் ஆற்றல் வருகிறது, லேசான கருக்களைச் சேர்த்தாலும் வருகிறது என்கிறார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலையிலும் எப்படி ஆதாயம் வரும்?

இதே கேள்வியில் நான் ஒருமுறை வசமாக மாட்டியிருக்கிறேன். பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம், மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் மாணவர்களுக்கு மாலையில் இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். "அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல், கரு உடையும்போது வெளியே கொட்டுகிறது" என்றுதான் முதல் இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி கையைத் தூக்கி, "அப்படின்னா சேர்க்கும்போது ஆற்றலை உள்ள போட்டுல்ல கட்டணும்? எப்படி சார் வெளிய வரும்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நான் சொன்னதே தப்பு என்று அன்றைக்கு இரவுதான் உறைத்தது.

மறுநாள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் இருந்த இரண்டு காந்தங்களைக் கழற்றிக்கொண்டு போனேன். ஒன்றை மேசைமேல் வைத்து, மற்றதை மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் தானாகப் பாய்ந்து 'டக்' என்று ஒட்டும். அந்தச் சத்தத்துக்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒட்டியதால் வந்தது. திரும்பப் பிரிக்க, வெளியே போனதை நாம் விரலால் இழுத்துத் திருப்பிச் செலுத்த வேண்டும். பிணைப்பாற்றல் என்பது இதுதான். பெயரைக் கேட்டால் உள்ளே பூட்டிவைத்த சேமிப்பு மாதிரி இருக்கும். உண்மையில் ஒட்டும்போதே கையைவிட்டுப் போன தொகை. இறுக்கமாக ஒட்ட ஒட்ட, வெளியே போனது அதிகம்.

ஆற்றல் வெளியே போனால் நிறையும் குறையும். காந்தத்தில் இந்த இழப்பை எடை போட்டுப் பார்க்க முடியாது. அணுக்கருவில் முடியும். தனித்தனியாக இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்த்துக் கூட்டினால் 4.0319 அணு நிறை அலகு. அதே நான்கும் சேர்ந்த ஹீலியம் கரு 4.0015தான். குறைந்த 0.0304, ஐன்ஸ்டைன் கணக்குப்படி சுமார் 28 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறு அலகு). கரி எரியும்போது ஒரு கார்பன் அணுவுக்குக் கிடைப்பது 4 எலக்ட்ரான் வோல்ட் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது கருவில் உள்ள ஒரு துகளுக்கு (புரோட்டானோ நியூட்ரானோ) எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று கணக்கெடுத்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஹீலியத்தில் 7.1 மில்லியன், இரும்பில் 8.8, யுரேனியத்தில் 7.6. ஆக, நடுவில் இருக்கும் இரும்புதான் மிக இறுக்கம். (நிக்கல்-62 மயிரிழை முந்தும். டியூஷனில் அதைச் சொல்வதில்லை.) லேசானவை சேர்ந்தாலும் சரி, கனமானவை பிளந்தாலும் சரி, இரும்பை நோக்கித்தான் நகர்கின்றன. இறுக்கம் கூடுகிறது, கூடிய அளவு வெளியே வருகிறது. இரண்டும் ஒரே வேலைதான்.

சரி, பெரிய கரு ஏன் தளர்வாக இருக்கிறது? கருவை ஒட்டவைக்கும் விசை பக்கத்தில் இருப்பவரைத்தான் பிடிக்கும், தூரத்துக்கு எட்டாது. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையோ கருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எட்டும். 92 புரோட்டான் உள்ள யுரேனியத்தில் இந்த இழுபறி மயிரிழையில் நிற்கிறது. யுரேனியம்-235 ஒரு நியூட்ரானை விழுங்கினால், கரு நீர்த்துளி போல ஆடி, நீண்டு, இடுப்பு ஒடுங்கி இரண்டாகிவிடும். அப்புறம் இரண்டு துண்டும் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு பறக்கின்றன. அணு உலையின் வெப்பத்தில் பெரும்பகுதி, பறக்கும் இந்தத் துண்டுகள் பக்கத்து அணுக்களில் இடித்து நிற்பதால் வருவதுதான். கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறித்து அடுத்த கருக்களைப் பிளக்கும்.

இதை முதலில் கணக்குப் போட்டது இயற்பியலாளர்களான லீஸ் மைட்னரும் அவர் அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷும். 1938 கிறிஸ்துமஸ் சமயம், சுவீடனில் பனியில் நடக்கப் போன சித்தியும் மகனும் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தார்கள். துண்டுகள் உதைத்துக்கொள்ளும் ஆற்றல் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. கருக்களின் நிறையைக் கணக்கிடும் சூத்திரம் மைட்னருக்கு நினைவில் இருந்தது. குறையும் நிறை ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு, அதை ஆற்றலாக்கினால் அதே 200. இரண்டு வழியிலும் ஒரே விடை! வகுப்பில் நான் குரலை உயர்த்தும் ஒரே இடம் இது.

சேர்ப்பதில் எடைக்கு எடை ஆதாயம் இன்னும் அதிகம். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்தால் 17.6 மில்லியன்தான், ஆனால் மொத்தமே ஐந்து துகள். ஒரு துகளுக்கு என்று பார்த்தால் பிளவைவிட நான்கு மடங்கு. சிக்கல் அந்த 'டக்' வரும் தூரம்வரை கொண்டுபோவதில். இரண்டும் நேர்மின்னூட்டம், நெருங்கவே விடாது. சூரியனின் மையத்தில் 15 மில்லியன் டிகிரி. நெருக்கமும் கால அவகாசமும் அதற்கு இருப்பதால் அது போதும். நமக்கு 100 மில்லியனுக்கு மேல் வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 2.05 மெகாஜூல் லேசர் அடித்து 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். செய்தியில் பெரிதாக வந்தது. அந்த லேசரை இயக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் போனது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. நம் நாட்டில் இருப்பது பிளவு உலைதான்: பாங்கியில், 1982 முதல், 1 மெகாவாட். அது ஆராய்ச்சிக்கு, மின்சாரம் எடுப்பதில்லை.

காந்தங்களை ஒட்டியும் பிரித்தும் பார்த்துக்கொண்டிருந்த அதே மாணவி கடைசியாக, "அப்ப இரும்ப வச்சு என்ன சார் செய்யலாம்?" என்றாள். ஒன்றும் செய்ய முடியாது. பிளந்தாலும் கைக்காசு போகும், சேர்த்தாலும் போகும். பெரிய நட்சத்திரங்கள் அங்கேதான் மாட்டுகின்றன: நடுவில் இரும்பு சேர்ந்ததும் தாங்கிப் பிடிக்க ஆற்றல் வருவதில்லை, மையம் ஒரு விநாடிக்குள் உள்ளே சரிந்துவிடுகிறது.